கூரையும் வரணும், ஷூவும் வரணும்

டப்ளினில் மகன் வீட்டுக்குப் போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். கழுத்து இன்னும் நேராகவில்லை. காரணம், டிரினிட்டி கல்லூரியின் பழைய நூலகம். அங்கே இருபுறமும் வரிசையாக நிற்கும் மார்பளவுச் சிலைகளைப் பற்றி முக்கியமான விஷயம் ஒன்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த போட்டோ சமாசாரத்தைத் தீர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

போட்டோ எடுத்துத்தர ஆள் பிடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. போனைக் கையில் கொடுத்தால் ஆள் ஓடிவிடக் கூடாது. லாங் ரூம் என்கிற அந்தக் கூடத்துக்கு வந்த பன்னாட்டு மக்களும் ஒருமுறை சுற்றிலும் நோட்டம் விட்டார்கள், என் முழங்காலைப் பார்த்தார்கள், நேரே என்னிடம் வந்துவிட்டார்கள்.

கூடம் சுமார் 65 மீட்டர் நீளம். தலைக்கு மேலே மரத்தாலான வளைகூரை. அதன் கீழே நிற்பவருக்கு அந்தக் கூரையும் முழுசாக வரவேண்டும், காலில் போட்டிருக்கும் புது ஷூவும் வரவேண்டும். இரண்டும் வரவேண்டுமானால் நான் பின்னால் போகவேண்டும். போனால் வேறு யாருடைய செல்ஃபிக்குள்ளோ நுழைந்துவிடுகிறேன். அவர் முறைக்கிறார். சரி, உட்கார்ந்து எடு என்கிறார்கள். உட்கார்ந்துவிடலாம், யார் எழுப்பிவிடுவது? போனைத் தலைகீழாகப் பிடித்துத் தரையோடு வைத்தால் ஆள் உயரமாகத் தெரிவாராம். ஒரு பெண் சைகையிலேயே பாடம் நடத்தினாள். வைத்தேன். கூரை வந்தது, ஷூ வந்தது, நடுவில் இருந்தவளுக்கு முகவாய்க்கட்டை மட்டும் வந்தது. அவள் கணவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வயது இன்னும் கூடிவிட்டது. அடுத்து வந்தவருக்குக் கூரை நேராக இருக்கவேண்டும். அதை நேராக்கினால் அவர் சாய்கிறார். அவரை நேராக நிற்கச் சொன்னால் தான் நேராகத்தான் நிற்பதாகச் சொல்கிறார். அதுவும் உண்மைதான்.

நடுவிலே லூக் ஜெராம் என்ற கலைஞரின் பெரிய பூமி உருண்டை வேறு ஒளிவிட்டுத் தொங்குகிறது. கேட்கவேண்டுமா? எல்லாரும் அதை உள்ளங்கையில் ஏந்தவேண்டும். வராகப் பெருமாள் பல்லில் தூக்கிய பூமியை இவர்கள் இரண்டு விரலால் கிள்ளுகிறார்கள். 'இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், மேலே, மேலே' என்று உலகத்தை அவரவர் விரல்நுனிக்கு நகர்த்திவைக்கும் உத்தியோகம் எனக்கு. பெருமாளுக்கே ஒரு தடவையோடு முடிந்த வேலை.

இத்தனை பாடுபட்டுப் படத்துக்குள் கொண்டுவருகிறோமே, அந்தக் கூரை 1732-ல் கட்டடம் முடிந்தபோது கிடையவே கிடையாது. அப்போது இருந்தது தட்டையான சாந்துக் கூரை. 1801-ல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அச்சாகும் நூல்களுக்கெல்லாம் இலவசப் பிரதி பெறும் உரிமை இந்த நூலகத்துக்குக் கிடைத்தது. இலவசம் என்றால் குவியாமல் இருக்குமா? அரை நூற்றாண்டில் அலமாரிகள் நிரம்பி வழிந்தன. 1860 வாக்கில் கூரையைப் பிரித்து உயர்த்தி, மேலே இன்னொரு வரிசை அலமாரி வைத்தார்கள். நம் வீட்டில் பழைய பாத்திரத்துக்குப் பரண் போடுவதுபோலத்தான். அந்தப் பரணைப் பார்த்துத்தான் உலகம் வாயைப் பிளக்கிறது.

புத்தகம்? அதை யார் கேட்டார்கள்? சுமார் 2,00,000 நூல்கள் இருந்த கூடம். 2019-ல் பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயம் எரிந்ததைப் பார்த்த பிறகு இவர்களுக்கும் அடிவயிற்றைக் கலக்கியது. 2022-லிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, தூசு உறிஞ்சி, வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அடுக்குகள் பெரும்பாலும் காலி. காலியாக இருப்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஓர் இளைஞன் வெறும் பலகையைப் பார்த்தபடி, மோவாயில் விரல் வைத்து, ஆழ்ந்த சிந்தனையில் நின்றான். நான்தான் எடுத்தேன். பிரமாதமாக வந்தது.

ஏறத்தாழ 800-ஆம் ஆண்டில் கன்றுத்தோலில் எழுதிய கெல்ஸ் சுவிசேஷ நூலும் இங்கேதான் இருக்கிறது. அதைப் படம் எடுக்கத் தடை. அதனால் அங்கே வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நிம்மதியாக நின்று பார்க்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

இனி சிலைகள். 1743-ல் சேர்க்கத் தொடங்கியவை. பிளேட்டோ, ஷேக்ஸ்பியர், ஸ்விஃப்ட் என்று 2023 வரை அத்தனையும் ஆண்கள். அந்த வருஷம்தான் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், ஏடா லவ்லேஸ், அகஸ்டா கிரிகரி, மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் ஆகிய நான்கு பெண்களுக்கு இடம் கிடைத்தது. ஸ்விஃப்ட்டின் முன்னால் நின்றபோது எனக்கு என்ன தோன்றியது என்றால்…

"ஏனுங்க, தமிழுங்களா?"

பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். கோயம்புத்தூர்ப் பக்கம். "ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. மேல அந்த வளைவு முழுசா வரோணும்."

"எடுத்துக் குடுங்க, நம்ம ஊர்க்காரங்க" என்றாள் என் மனைவி, தன் கைப்பையையும் என் தோளில் மாட்டிவிட்டு.

"சீக்கிரம் எடுங்க மாமா" என்றாள் மருமகள். "புதுப்பிக்கறதுக்காக இந்த இடத்தையே மூடப்போறாங்களாம். திறக்க வருஷக் கணக்கா ஆகுமாம்."

"ரொம்ப நல்லது" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"மூடப்போறாங்களா?" என்று பதறினார் குடும்பத் தலைவர். "அப்ப அந்தக் கோடியிலிருந்தும் ஒண்ணு எடுத்துருங்க சார். அம்மா, செருப்பைக் கொஞ்சம் முன்னால நகத்துங்க."