லாகார ஆராய்ச்சி: முதல் தொகுதி

1968 ஏப்ரல் 6 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஸ்பெயின் வென்றது. பாடியவர் மஸ்ஸியெல். பாட்டின் பெயர் 'லா, லா, லா'. பெற்ற மதிப்பெண் 29. இங்கிலாந்துக்காக 'கங்கிராஜுலேஷன்ஸ்' பாடிய கிளிஃப் ரிச்சர்டுக்கு 28. ஒரு மதிப்பெண்ணில் வாழ்த்துப் பாட்டு தோற்றது. பாடியவர் அதையே வென்றவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தப் பாட்டில் 138 லாக்கள் உண்டு என்பது பரவலாக வழங்கும் கணக்கு. இவை முதல் லா, இடை லா, கடை லா என மூவகைப்படும்.

முதல் லா முதலில் வரும். கடை லா கடைசியில் வரும். மற்ற 136ம் இடை லாக்கள். இவற்றின் இயல்பு பிறவற்றுக்கு இல்லாத இயல்பு என்று, இதுவரை எழுதப்படாத ஓர் இலக்கணத்தின் தொலைந்துபோன பாயிரத்துக்கு எழுந்த உரை கூறும்.

இனி லாவின் சொல்லிலக்கணம். தொல்காப்பியம் இடைச்சொற்களுள் இசைநிறைக்கும் இடம் தருகிறது. பொருள் சுமக்காமல் ஓசையை நிரப்ப வருபவை இவை. லா இவ்வகையினது என்று முடித்துவிட்டால் கட்டுரை இங்கேயே நின்றுவிடும். அப்புறம் முனைவர் பட்டம் எப்படி வாங்குவது? ஆகவே தொடர வேண்டியிருக்கிறது.

தமிழில் லகரம் மொழிக்கு முதலில் வராது. வடசொல் அப்படி வந்தால் முன்னால் இகரமோ உகரமோ சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது நன்னூல். அதன்படிதான் லாபம் இலாபமாயிற்று. லண்டனையே இலண்டனாக்கியவர்கள் மஸ்ஸியெலை மட்டும் விட்டுவிடுவார்களா? ஆகவே பாட்டின் பெயர் 'இலா, இலா, இலா' என்பது ஒரு கட்சி. 'இலா' என்றால் 'இல்லாத' என்றாகிவிடுகிறது. எது இல்லாத? பொருள் இல்லாத. ஆக, லா தன் பொருளைத் தானே சொல்லிவிட்டது என்று இக்கட்சியார் மகிழ்வர்.

மற்றொரு கட்சி உகரக் கட்சி. அவர்கள் 'உலா, உலா, உலா' என்பர். உலா என்பது சிற்றிலக்கியம். தலைவன் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிர் காதல் கொள்வது. அன்று லண்டனில் வாக்களித்தவை 17 நாட்டுக் குழுக்கள். ஏழால் வகுத்தால் மீதி மூன்று. இந்த மூன்று குழுக்கள் எப்பருவத்தின என்பது குறித்து, கரையான் தின்ற ஏட்டின் தின்னப்படாத ஓரத்தில், யாரும் எழுதாத அடிக்குறிப்பின் மறுப்புக்கு மறுப்பாக அமைந்த ஒரு குறிப்பு உண்டு. அதைக் காணாமலே மேற்கோள் காட்டியவர்கள் பலர். மேற்கோள்களை அப்படிக் காட்டுவதே மரபு.

இத்தனைக்கும் நடுவில் உண்மையான சண்டை ஒன்று நடந்தது. இந்தப் பாட்டை முதலில் பாடவிருந்தவர் ஜொவான் மானுவேல் செராட். கட்டலான் மொழியில்தான் பாடுவேன் என்றார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினில் கஸ்தீலிய ஸ்பானிஷ் ஒன்றே ஆட்சிமொழி. போட்டி விதியும் அப்போது நாட்டின் ஆட்சிமொழியில் பாடச் சொன்னது. அரசு இணங்கவில்லை, செராட்டும் இணங்கவில்லை. மெக்சிகோவில் இருந்த மஸ்ஸியெல் அவசரமாக வரவழைக்கப்பட்டார்.

இங்கேதான் லாகார ஆராய்ச்சி தலை நிமிர்கிறது. கட்டலானிலும் லா, லாதான். கஸ்தீலியத்திலும் லா, லாதான். அரசும் பாடகரும் முட்டிக்கொண்டது லாக்களுக்கு இடையே ஆங்காங்கே தென்பட்ட மிச்சச் சொற்களுக்காக. தணிக்கை அதிகாரி கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாலும் 138 இடங்களில் அவர் அடித்துத் திருத்த ஒன்றுமே இருந்திருக்காது. கடைசி நேரத்தில் வந்த மஸ்ஸியெலும் மனப்பாடம் செய்ய வேண்டியவை அந்த மிச்சச் சொற்கள்தாம்.

2008இல் ஸ்பெயின் ஆவணப்படம் ஒன்று, பிராங்கோவின் ஆட்சி வாக்குகளை விலைக்கு வாங்கியது என்ற புகாரைக் கிளப்பியது. மஸ்ஸியெல் மறுத்தார். லாவுக்கு என்ன விலை என்பது பொருளாதாரத் துறையின் பாடு.

மஸ்ஸியெல் வென்றதற்கு மறு ஆண்டு போட்டி மாட்ரிட்டில் நடந்தது. ஸ்பெயின், இங்கிலாந்து, நெதர்லாந்து, பிரான்ஸ் நான்கும் தலைக்கு 18 மதிப்பெண் பெற்றன. சமன் வந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லாததால் நான்குமே வென்றதாக அறிவித்தார்கள். அதில் இங்கிலாந்துக்காக லுலு பாடிய பாட்டு 'பூம் பாங்-எ-பாங்'. இந்தப் பூம், பூம்புகாரின் பூம்தானா என்பது இரண்டாம் தொகுதியில்.