மலையகக் கப்பலியலுக்கு ஒரு முன்னுரை

1. ஆய்வுச் சிக்கல்

இலங்கை மலையகத்தின் நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இதைச் சொல்லாத பயணக் கையேடு கிடையாது. தன் பெருமையைக் கடலை வைத்தே அளந்து சொல்லும் ஓர் ஊரில் கப்பலியல் ஏன் ஒரு துறையாக வளரவில்லை என்பதை மட்டும் எந்தப் பேராசிரியரும் இதுவரை கேட்கவில்லை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இலையில் வரும் கொப்புள நோயை ஆராய்ந்தது, தண்டைத் துளைக்கும் பூச்சியை ஆராய்ந்தது. அட்டன் பக்கத்து மனிதர் ஒருவர் சொகுசுக் கப்பலில் ஓர் இரவு தங்கிவர விரும்பினால் அவருக்கு வழிகாட்ட ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம்கூட இல்லை.

மற்ற நாடுகளில் இத்துறை நன்றாக முன்னேறியிருக்கிறது. வியட்நாமில் ஹாலோங் என்றொரு விரிகுடா உண்டு. ஏறத்தாழ 1,600 சுண்ணாம்புக்கல் தீவுகள் கொண்ட அதை யுனெஸ்கோ 1994இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நண்பகலில் கப்பலில் ஏறினால் தீவுகளுக்கு நடுவே நங்கூரமிட்டு இரவு உறங்கி, மறுநாள் அதே துறையில் வந்து இறங்கலாம். நம் பக்கமும் வெறுங்கையோடு இருக்கவில்லை. சென்னையிலிருந்து கிளம்பிய ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் 2023 ஜூன் 16 அன்று காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தது. ஆகவே, கப்பல் மலைக்கு வருவது ஒன்றுதான் பாக்கி. அது வருமா, அல்லது ஏற்கெனவே வந்து போய்விட்டதா என்பதே இவ்வாய்வின் வினா.

2. இலக்கணம்

சொகுசு இரவுக் கப்பற்பயணத்துக்கு உறுப்புகள் ஐந்து: நீர், தீவு, இரவு, சொகுசு, திரும்பல். முதல் நான்கையும் விளம்பரப் படங்களே விளக்கிவிடும். ஐந்தாவதுதான் இதன் உயிர்நிலை. பஸ் ஏற்றிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டால் பயணி காசைத் திருப்பிக் கேட்பார். உல்லாசக் கப்பல் அப்படி இறக்கிவிடாவிட்டால்தான் கேட்பார். எங்கும் போய்ச்சேராமல் இருப்பதற்காகவே கட்டணம் வாங்கும் ஒரே வாகனம் இது.

இவ்விலக்கணத்தைக் களத்தில் சோதிக்க வேண்டி, நோர்வூட் பக்கத்து மலையொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அவர் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: “காசு குடுத்துப் போயி, ஏறுன எடத்துலயே எறங்குறதா தம்பி? அதுக்கு வீட்டுலயே இருந்துக்கலாமே.” பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா அப்படி எறக்கி விடுவாங்கன்னா, நல்ல கப்பல்தான்” என்றார். இரண்டாவது வாக்கியத்தின் ஆழம் இவ்வாய்வின் ஏழாம் பகுதியில் புலப்படும்.

3. நீரும் கலங்களும்

மலையில் கடல் இல்லாத குறையை வெள்ளைக்காரர் நீண்டநாள் விட்டுவைக்கவில்லை. 1872 முதல் 1877 வரை ஆளுநராக இருந்த வில்லியம் கிரகரியின் காலத்தில், நுவரெலியாவின் சதுப்பு நிலத்தில் ஓடையை மறித்து கிரகரி வாவி உண்டாக்கப்பட்டது. குதிரைப் பந்தயத் திடல், கோல்ஃப் மைதானம், ட்ரவுட் மீன் என்று இங்கிலாந்தின் ஒவ்வொரு துண்டாக மேலே வந்து சேர்ந்த காலம் அது. ஆனாலும் மலையகத்தில் எதுவும் சும்மா இருக்கக் கூடாது. 1913இல் வாவியின் நீரைச் சுரங்கம் வழியாக பிளாக்பூல் மின்நிலையத்துக்குத் திருப்பி, தோட்டத்தில் நாள்வேலைக்குப் போடுவதுபோல் அதற்கும் ‘பேர்’ போட்டார்கள். பகலில் உல்லாசம், அதோடு கூடவே வேலை.

அடுத்தவை இன்னும் பெரியவை. 1918இலேயே நீர்மின்சாரத் திட்டத்தை எழுதி வாசித்த பொறியியலாளர் விமலசுரேந்திர, இந்த மலைகளின் அருவிகளில் விளக்குகளைப் பார்த்தார். அந்தப் பார்வையின் நீட்சியாக, கெசல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் வந்தன. கப்பல் விடப் போதிய நீர் இருக்கிறது என்பது இதனால் நிறுவப்படுகிறது.

இந்நீர்நிலைகளோடு தொடர்புடைய கலங்கள் நான்கு வகைப்படும்.

முதலாவது, அன்னப் படகு. கிரகரி வாவிக்கு உரியது. பயணிகளே மிதிக்க வேண்டும். கழுத்து நீண்டது, வேகம் குறைந்தது. புதுமணத் தம்பதியர் இருவரும் வெவ்வேறு திசைக்கு மிதிப்பதால், இது பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சுற்றும்.

இரண்டாவது, இயந்திரப் படகு. அன்னப் படகுகளுக்கு அலை என்றால் என்ன என்று காட்டுவதற்காக ஓடுவது.

மூன்றாவது, மிதவை விமானம். காசல்ரீயில் இறங்கியிருக்கிறது. சீமான்கள் மலையகத்துக்கு நீர்வழியாக வர வேண்டுமானால் ஆகாயத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

நான்காவது, கள்ளத்தோணி. ஆய்வாளரை மிகவும் குழப்புவது இதுதான். இதற்குப் பாய் இல்லை, துடுப்பு இல்லை, துறைமுகம் இல்லை. மிதப்பதற்கு நீரும் தேவைப்படவில்லை. கடலைக் கண்ணால் பார்த்திராத, பொகவந்தலாவையில் பிறந்து அட்டனில் படித்த மனிதர்கள்கூட இதில் வந்து இறங்கியவர்கள் என்று ஊரார் வாயால் பதிவாகியிருக்கிறது. மற்றக் கலங்களைக் கட்ட மரமோ இரும்போ வேண்டும். இதைக் கட்ட, லட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

4. தீவுகள்

தீவில்லாத விரிகுடா வெறும் தண்ணீர். இக்குறையை மலையகம் இரண்டு வகையில் தீர்க்கிறது.

ஒன்று மேலே. 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் உச்சியில் விடியலுக்குக் காத்திருப்பவர்கள் இதை அறிவார்கள். பள்ளத்தாக்குகளை வெள்ளை மேகம் நிறைத்துவிட, சுற்றியுள்ள குன்றுகளின் முடிகள் மட்டும் வெளியே நிற்கும். ஹாலோங்கில் தீவுகளை எண்ணிச் சொல்லலாம். இங்கே வெயில் ஏறஏறத் தீவுகளின் எண்ணிக்கையும் பருமனும் மாறி, ஒன்பது மணிக்குள் எல்லாம் மறுபடி தேயிலைத் தோட்டமாகிவிடும். யுனெஸ்கோ அதிகாரிகள் கையில் கோப்போடு வந்து ஏமாறக்கூடும்.

மற்றொன்று கீழே. மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளியே வரும். கோயிலைப் பார்க்க ஊர்ச்சனம் திரண்டு போகும். மற்ற விரிகுடாக்களில் பயணிகள் மீனவக் கிராமத்தைத் தேடிப் போவார்கள். இங்கே கிராமமே பயணிகளைத் தேடி மேலே வருகிறது.

5. இரவு

இதுபற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுவரெலியாவில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பிற்பகல் நான்கு மணிக்கே இரவுக்கான எல்லாத் தகுதிகளும் வந்துவிடும். முழு இரவே வேண்டுவோர்க்கு, டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையான சிவனொளிபாதமலைப் பருவம் இருக்கிறது. அடிவாரத்து நல்லதண்ணியில் ஏறி, இரவெல்லாம் விளக்கு வரிசையில் நகர்ந்து, மேகக் கடலின் தீவுகளைக் கண்டு, மறுநாள் நல்லதண்ணியிலேயே இறங்குவோர் ஆயிரக்கணக்கானோர். ஐந்தில் நான்கு உறுப்புகள் பொருந்துவதால், முழங்காலால் இயங்கும் இச்சேவையை நாட்டின் ஆகப் பழைய இரவுக் கப்பலாக வகைப்படுத்த இடமுண்டு. பொருந்தாத ஒரே உறுப்பு சொகுசு. அதை மறுநாள் படி இறங்கும் எவரையும் கேட்டுச் சரிபார்க்கலாம்.

6. சொகுசு

கப்பல் எங்கே என்று கேட்போர் ஒரு தேயிலை ஆலையைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அடுக்கடுக்காகத் தளங்கள், ஒவ்வொரு தளத்திலும் வரிசையாகச் சன்னல்கள், புகைபோக்கி, நேரத்துக்கு ஊதும் சங்கு. பனிமூட்டத்தில் அது நகர்வதுபோலவே இருக்கும். இந்தக் கட்டட நுட்பத்தை முதலில் புரிந்துகொண்டவர்கள் ஹோட்டல்காரர்கள்தான். கந்தப்பளையில் ஹெதர்செட் ஆலையைச் சொகுசு விடுதியாக மாற்றினார்கள். கொழுந்து வாடிய மேல்தளங்களில் இப்போது உல்லாசிகள் வாடுகிறார்கள். 2005 முதல் காசல்ரீ ஓரத்துப் பழைய துரை பங்களாக்களும் விடுதிகளாகி, நீரைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிக்க வசதி செய்திருக்கின்றன. கப்பல் தலைவனோடு உண்பதற்கு உடைவிதி உண்டல்லவா? நுவரெலியா ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு டை கட்டுவது மரபு.

கப்பலின் மேல்தளத்தை ஆராய்ந்த அறிஞர்கள் கீழ்த்தளத்தை ஆராயாமல் விடுவது வழக்கம். இவ்வாய்வு அக்குறையையும் நீக்குகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. கப்பலில் இதே அளவு அறைக்கு ஒரு வட்டச் சன்னலையும் அதன் வழியே கொஞ்சம் கடலையும் வைத்து நல்ல விலை சொல்வார்கள். கப்பலறையில் இருவர் ஓரிரவு. காம்பராவில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறை; பக்கத்து வீட்டு இருமல் கட்டணத்தில் அடக்கம்.

7. திரும்பல்

இப்போது ஐந்தாம் உறுப்பு. மலையகத்தாருக்குக் கடற்பயணம் தெரியாது என்போர் வரலாறு படிக்காதவர்கள். கோப்பிக் காலத்தில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தே வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிய பின், மண்டபம் முகாமில் தங்கவைத்து, உடம்பைச் சோதித்து, சோறு போட்டு அனுப்பினார்கள். இன்றைய உல்லாசக் கப்பலில் அறை எண் பொறித்த அட்டையைப் பயணி கழுத்தில் மாட்டிக்கொள்வதுபோல, அன்றைய பயணிக்குத் தோட்டக் குறியும் எண்ணும் குத்திய தகர வில்லை இருந்தது. கட்டணமும் முன்கூட்டிக் கட்ட வேண்டியதில்லை. கங்காணியின் கணக்கில் கடனாக ஏறிவிடும். அதை அடைக்கத்தான் பயணிக்கு ஆயுள் முழுவதும் தேவைப்பட்டது.

அடுத்த பெரிய சேவை 1964 அக்டோபர் 30 அன்று டில்லியில் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் தொடங்கியது. கையொப்பமிட்ட இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை லட்சத்துக்கு அன்று பதில் எழுதவில்லை. 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பயணத்திட்டத்தைப் பயணியிடம் கேட்காமலே வகுத்துக் கொடுத்த முழுமையான சுற்றுலாச் சேவை உலகில் இதுபோல் வேறில்லை.

இப்பயணத்தை இலக்கணத்தோடு வைத்துப் பார்க்கலாம். நீர் உண்டு: பாக்கு நீரிணை. தீவு உண்டு: ஏறுவது மன்னார்த் தீவில், இறங்குவது ராமேஸ்வரம் தீவில். இரவு உண்டு: அட்டனிலும் நானுஓயாவிலும் ஏறி, ராமுழுதும் கோச்சியில் போனார்கள். வழியனுப்ப வந்தவர்கள் மேடையில் புரண்டு அழுததால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. விடிந்த பிறகு கப்பல். அதன் பெயர் ‘ராமானுஜம்’. ஐந்தில் மூன்று பொருந்துகின்றன. சொகுசை விட்டுக்கொடுக்கலாம். திரும்பல் மட்டும் சீட்டில் அச்சிடப்படவில்லை.

1984இல், போர்ச்சூழலில், கப்பல் நின்றது. கடவுச்சீட்டுக் கையிலிருந்தும் புறப்பட முடியாமல் போனவர்கள் லயங்களிலேயே தங்கினார்கள். 2003ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை தந்தது. ஓடாத கப்பல் பயணிகளைக் கரைசேர்த்த இந்நிகழ்வு உலகக் கப்பலியல் நூல்களில் தனி அதிகாரம் பெறத் தக்கது.

8. மறுப்பும் விடையும்

‘தாயகம் திரும்பியோரில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் இறங்கினார்கள். அங்கும் அதே செடி, அதே கூடை, அதே அட்டைக் கடி. ஆகவே ஏறிய துறையிலேயே இறங்கினார்கள் என்று கொண்டால் என்ன?’ என்று ஒரு சாரார் வாதிடலாம். வாதம் வலுவானதே. ஆயினும் அட்டனில் ‘இந்தியாக்காரன்’ என்று அழைக்கப்பட்டவர் கூடலூரில் ‘சிலோன்காரன்’ என்று அழைக்கப்பட்டார். கப்பல் கரையைத் தொட்டது. பயணி இன்னும் நடுக்கடலில் நின்றார்.

‘இருநூறு ஆண்டு கழித்து இதையெல்லாம் கிளறுவானேன்?’ என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு மலையக மக்களே காலால் விடை சொல்லிவிட்டார்கள். 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் நடைபயணத்தைத் தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடித்தார்கள். முன்னோர் வந்த வழியை மறுபடி நடந்து பார்க்கும் கூட்டத்திடம் நேரத்தை வீணாக்கியதாகச் சொல்ல இவ்வாய்வாளருக்குத் துணிவில்லை.

9. முடிவும் பரிந்துரைகளும்

ஐந்து உறுப்புகளையும் வைத்து எடைபோட்டால், வாவியை ஒரு சுற்றுச் சுற்றிவரும் அன்னப் படகே மலையகத்தின் மிகச் சிறந்த உல்லாசக் கப்பல் என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. நீர் உண்டு. தீவுக்குப் பதிலாக மற்ற அன்னங்கள் உண்டு. பனி இறங்கினால் இரவும் உண்டு. காலை மட்டும் ஆட்டினால் போதும் என்பது, நாள்முழுதும் கூடை சுமப்பவருக்குச் சொகுசே. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் முடிந்ததும் கரையிலிருந்து கூப்பிட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆகையால் இவ்வாய்வு மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறது. முதலாவது, 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் காசல்ரீ பங்களாவில் ஓரிரவு தங்க எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதைக் கணக்கப்பிள்ளைகள் கூடி ஆராய வேண்டும். விடை ஒரு மாதத்துக்குள் அடங்காது என எச்சரிக்கப்படுகிறது. இரண்டாவது, கப்பலியலைப் பல்கலைக்கழகப் பாடமாக்கும்போது கள்ளத்தோணியைத் தொல்பொருள் பிரிவுக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, ஒவ்வோர் அன்னத்தின் முதுகிலும் ‘ஏறிய இடத்திலேயே இறக்கிவிடப்படும்’ என்று மும்மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும். கொழும்பிலிருந்து வருவோர் அதை வேண்டாத அறிவிப்பு என்று சிரிக்கலாம். தோட்டத்திலிருந்து வருவோர் வாசித்துவிட்டு, யார் கையொப்பம் போட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.