மச்சானின் நண்பகல் மயக்கம்

போன ஞாயிறு மத்தியானம் நான் செய்த முதல் தப்பு, ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தை மச்சானுக்குப் போட்டுக் காட்டியது. மட்டன் குழம்புக்குப் பிறகு காட்டியது இரண்டாவது தப்பு.

ஒரு படம் பிடித்துவிட்டால் நாம்தான் சும்மா இருப்பதில்லையே. யாரையாவது பிடித்து உட்கார வைத்து, திரையை விட்டுவிட்டு அவர் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருப்போம். “இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க” என்று, வரவிருந்த சிரிப்பையும் விரட்டிவிடுவோம்.

படத்தின் இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி என்றால் எனக்கு உயிர். 2018-ல் ‘ஈ.மா.யௌ’வில் சாவு வீட்டை வைத்தே சிரிக்க வைத்தவர். 2019-ல் ‘ஜல்லிக்கட்டு’ என்று ஓர் எருமையை அவிழ்த்துவிட்டு ஊரையே துரத்தவிட்டவர். 2023-ல் தியேட்டருக்கு வந்த இந்தப் படம் எனக்கு அவை இரண்டையும்விட உசத்தி.

வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளக் கூட்டம், வழியில் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸோடு தூங்குகிறது. அந்த இடத்தில் மச்சானும் பஸ் ஏறிவிட்டார்.

மச்சான் தூங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கதை கேட்பது மாதிரி “ம்... ம்...”. பிறகு தலை வலப்பக்கம் சரியும். சோபாவின் கைப்பிடி திருப்பி அனுப்பும். இடப்பக்கம் என் தோள். அப்புறம் வாய் திறக்கும். தண்ணீர் வராத குழாயில் காற்று வருகிற மாதிரி ஆரம்பித்து, மேடு ஏறும் டவுன் பஸ்ஸாகி, உச்சியில் திடீரென்று நிற்கும். ஆள் இருக்கிறாரா என்று நாம் குனிந்தால் மறுபடி கியர் மாறும். ரிமோட்டைத் தொட்டால் போதும், கண் திறக்காமலே குரல் வரும்: “பாத்துட்டுதான இருக்கேன்!”

திரையில் மம்மூட்டி பஸ்ஸை விட்டு இறங்கி, சோளக்காட்டைத் தாண்டி, முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்து, லுங்கியை மாற்றி, ஜேம்ஸாக இருந்தவர் சுந்தரமாகித் தமிழ் பேசுகிறார். படம் நெடுகப் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் எங்கிருந்தோ ஒலித்துக்கொண்டே இருக்கும். இங்கே குறட்டையும் சேர்ந்துகொண்டது.

எனக்கு ஒரு நப்பாசை. மச்சானும் வேறு ஆளாக எழுந்தால்? தீபாவளிக்கு வாங்கின 5,000 ரூபாயைத் திருப்பித் தருகிற ஆளாக?

மச்சானாகவேதான் எழுந்தார்.

“ஒண்ணுமே நடக்கலையே மாப்ள. காபி இருக்கா?”

அடுத்த ஞாயிறு ‘ஜல்லிக்கட்டு’ போடப்போகிறேன். எருமைச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறார் பார்ப்போம். அன்றைக்கு மட்டன் கிடையாது. ரசம்தான்.