அஞ்சறைப் பெட்டிக் கோட்பாடு: வீட்டுக் கணினியின் பட்டியலும் குடிமக்களும் பற்றி ஓர் ஆய்வு

அஞ்சறைப் பெட்டி என்று பெயர். திறந்தால் கிண்ணம் ஏழு. மிஞ்சிய இரண்டு கிண்ணம் எங்கிருந்து வந்தது என்று எந்த வீட்டிலும் விசாரணைக் கமிஷன் வைத்ததில்லை. பெட்டியைப் புழங்குகிறவர்கள் அதன் பெயரை நம்பிப் புழங்குவதில்லை என்பதே காரணம். ரசத்துக்குத் தாளிக்கும்போது அம்மாவின் கண் வாணலியில் இருக்கும். கை தானாகக் கடுகுக் கிண்ணத்துக்குப் போய்த் திரும்பும். கடுகு எந்தக் கிண்ணத்தில் என்று நிறுத்திக் கேட்டால் ஒரு கணம் விழிப்பார். சமையலறையை அகரவரிசையில் அடுக்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. போட்டிருந்தால் உப்புக்குப் பக்கத்தில் உரலும் கடுகுக்குப் பக்கத்தில் கத்தியும் குடியேறியிருக்கும்.

இவ்வாய்வின் கருதுகோள் இதிலிருந்து புறப்படுகிறது. மனிதர்கள் பொருளைப் பெயரால் தேடுவதில்லை, இடத்தால் தேடுகிறார்கள். ஒரு வீட்டில் ஆட்கள் பெயரால் பிரிவதில்லை, நேரத்தால் பிரிகிறார்கள். கணினியைச் செய்தவர்கள் இரண்டையும் தலைகீழாக வைத்துவிட்டார்கள். அதன் விளைவுகளை எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி அலமாரிக்கும் டிவிக்கும் நடுவில், 2006 முதல் இவ்வாய்வாளர் கவனித்து வருகிறார். ஆய்வுக்கு நிதி நல்கியவரும் அவரே, மின்கட்டணம் உட்பட.

வரலாற்றுப் பின்புலம்

விண்டோஸ் 95 வெளிவந்தது 1995 ஆகஸ்ட் 24 அன்று. அதற்கு முன் புரோகிராம் மேனேஜர் என்று ஒன்று இருந்தது. கல்யாண வீட்டுக் கூடத்தில் பாய்களை விரித்ததுபோல ஜன்னல் மேல் ஜன்னலாகக் கிடக்கும். அவற்றையெல்லாம் சுருட்டி, இடது கீழ் மூலையில் ஒரே பொத்தானுக்குள் அடைத்தார்கள். ஸ்டார்ட் என்று பெயரிட்டார்கள். கணினியை அணைக்கவும் அதைத்தான் அழுத்த வேண்டும் என்பதை முதன்முதலில் கேள்விப்பட்டபோது அம்மா, "நிறுத்தறதுக்கு எதுக்குடா ஸ்டார்ட்டை அமுக்கறே?" என்றார். இத்துறையில் இவ்வாய்வாளர் சந்தித்த ஆகச்சிறந்த விமர்சனம் இதுவே.

பொத்தானை அழுத்தினால் பட்டியல், அதிலிருந்து வலப்பக்கம் ஒரு கிளை, கிளையிலிருந்து இன்னொரு கிளை. மவுஸை ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதுபோல நேராகக் கொண்டுபோக வேண்டும். கை சற்றே சறுக்கினால் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும்.

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, பட்டியலை அகரவரிசையில் அடுக்குவது பலிக்கவில்லை என்று தயாரித்தவர்களுக்கே உறைத்திருக்க வேண்டும். அடிக்கடி திறக்கும் ஆறு நிரல்களை அதுவே கண்டுபிடித்து இடப்பக்கம் வரிசையாக வைத்தது. எதை எத்தனை முறை திறந்தோம் என்ற பற்றுவரவு ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் பதிவேட்டுக்குள் யூசர்அசிஸ்ட் என்ற பெயரில் எழுதப்படுகிறது. அதுவும் நேராக அல்ல. ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதும் மறைமொழியில். இருபத்தாறில் பாதி பதின்மூன்று என்பதால் இரண்டு முறை தள்ளினால் பழைய எழுத்தே வந்துவிடும். இந்த உத்தியைத் தமிழில் கையாள இவ்வாய்வாளர் ஒரு பிற்பகலைச் செலவிட்டார். எழுத்து 247, பாதியாகப் பிரியாது. இரண்டு பக்கமும் 123 போக ஆய்தம் தனியாக நின்றது. அதற்குத் தனிநிலை என்று பெயர் வைத்தவர்கள் இதையும் யோசித்துத்தான் வைத்தார்களோ என்னவோ.

களப்பணி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணியபோது எங்கள் வீட்டுப் பட்டியலில் 58 உருப்படிகள் இருந்தன. நிரலைத் தேடிப் போனால் முதலில் வருவது நிரல் அல்ல, அதைச் செய்த நிறுவனத்தின் பெயர். அதற்குள் நிரலின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் நிரல், அதன் ரீட்மீ, அதன் இணையதளம், கடைசியில் அன்இன்ஸ்டால். கல்யாண மண்டபத்தின் பின்வாசலிலேயே சுடுகாட்டுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ரீட்மீயை வாசித்த குடும்ப உறுப்பினர் எவருமில்லை. இவ்வாய்வாளர் ஒன்றைத் திறந்து பார்த்தார், மூடிவிட்டார்.

அன்று அவர் நான்கு ஃபோல்டர்களை உருவாக்கினார்: வேலை, படிப்பு, பாட்டு-படம், மற்றவை. முதல் சிக்கல் பெயிண்ட் என்ற எளிய நிரலில் வந்தது. இவ்வாய்வாளர் அதில் பாஸ்போர்ட் போட்டோவின் ஓரத்தை வெட்டுவார், எனவே அது வேலை. மகன் பள்ளிக்கு வரைபடம் வரைந்தான், எனவே படிப்பு. மகள் வரைந்த யானையைப் பார்த்தால் பாட்டு-படம். வீட்டம்மா மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பார்ப்பார். அது எந்த வகை என்று கேட்டதற்கு, "கோலம் கோலம்தாங்க" என்றார். மாலைக்குள் பெயிண்ட் மற்றவைக்குப் போனது. அதன் பின்னாலேயே ஒவ்வொன்றாகப் போய், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவையில் 41 உருப்படிகள் சேர்ந்திருந்தன.

லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளம் இந்த இடத்தில் ஓரளவு நேர்மையாக நடந்துகொள்கிறது. அங்கே ஒவ்வொரு நிரலும் தான் எந்த வகை என்று ஒரு சிறு கோப்பில் தானே எழுதி வைக்கிறது. இரண்டு மூன்று வகையையும் சொல்லிக்கொள்ளலாம். ஒன்றுமே சொல்லாத நிரல்களுக்கென்று அங்கே கேடிஈ என்ற டெஸ்க்டாப்பின் பட்டியலில் ஒரு பகுதி உண்டு. தொலைந்ததும் கிடைத்ததும் என்று அதற்குப் பெயர். மற்றவை என்று பூசி மெழுகாமல், பஸ் ஸ்டாண்டு விசாரணை அறைபோல உள்ளதைச் சொல்கிறார்கள்.

விண்டோஸ் பட்டியலோ உண்மையில் ஒரு பொருளே அல்ல. வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர், ஆளுக்கொன்றாகத் தனி ஃபோல்டர். இரண்டையும் கலந்து ஒன்றாகக் காட்டுகிறார்கள். சாம்பாரில் எது பருப்புத் தண்ணீர், எது புளித் தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல முடியாததுபோல, எதை நீக்கினால் யாருக்குப் போகும் என்று பார்வைக்குத் தெரியாது. இவ்வாய்வாளர் தமக்கு வேண்டாம் என்று சீட்டாட்டத்தின் ஷார்ட்கட்டை நீக்கினார். அது பொது ஃபோல்டரில் இருந்தது. வீடு முழுவதும் சீட்டாட்டம் மறைந்தது. ஷார்ட்கட் போனால் நிரல் போய்விடாது, விலாசச் சீட்டைக் கிழித்தால் ஆள் இறந்துவிடமாட்டார் என்று விளக்கியதை எவரும் ஏற்கவில்லை.

ஒழுங்கு எத்தனை நாள் நிற்கும் என்பதற்கும் பதில் கிடைத்தது. அடுத்த அப்டேட் வரைக்கும்தான். ஒரு நிரலின் புதிய பதிப்பு வந்ததும் தன் பழைய ஃபோல்டரைப் பழைய இடத்திலேயே மறுபடி உருவாக்கிக்கொண்டது, சாக்கில் கட்டி ஊர்க்கோடியில் விட்ட பூனை நமக்கு முன்னால் வீடு திரும்புவதைப்போல. நாம் இடம் மாற்றிய ஷார்ட்கட்டை அதற்கு அடையாளம் தெரியாது. நிரலை நீக்கினாலும் அந்த ஷார்ட்கட் மட்டும் கிடக்கும், வீடு காலிசெய்து போனவரின் பெயர்ப்பலகையாக.

ஆனால் இந்த மாபெரும் சீர்திருத்தத்தால் மிகவும் பாதிக்கப்பட்டவர் அம்மாதான். அவர் பட்டியலுக்குள் போனதே இல்லை. டெஸ்க்டாப்பில் மேலிருந்து மூன்றாவது படத்தை இரண்டு தட்டு தட்டினால் சுப்ரபாதம் பாடும், அவ்வளவுதான் கணினி. உற்சாகத்தில் டெஸ்க்டாப்பையும் பெயர் வரிசைப்படி அடுக்கியிருந்தார் இவ்வாய்வாளர். மறுநாள் விடியற்காலை மூன்றாவது படம் மகனின் கார் பந்தயமாக இருந்தது. "எவன்டா என் பெட்டியில கை வெச்சது?" என்ற குரலில் வீடு எழுந்தது. கருதுகோளின் முதற்பாதி இங்ஙனம் நிறுவப்பட்டது.

இது அம்மாவின் வயதுக்கோளாறு என்று கருதுவோர் 2012 அக்டோபரை நினைவுகூர்க. விண்டோஸ் 8 இடது கீழ் மூலையிலிருந்து ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டது. படித்தவர், நிரல் எழுதுபவர் எல்லாருடைய கையும் பழக்கதோஷத்தில் இடது மூலைக்குப் போய் வெறுமையைத் தொட்டுத் திரும்பியது. ஏறக்குறைய ஓராண்டில், 8.1-இல் பொத்தான் திரும்பி வந்தது. 2021-இல் விண்டோஸ் 11 அதை நடுவுக்குத் தள்ளியபோதும், இடப்பக்கமே வேண்டுவோருக்கு அமைப்பில் ஒரு வழி விட்டுவைத்தார்கள். உலகம் கடுகுக் கிண்ணத்தை நகர்த்த விடாது.

குடிமக்கள்

இனி கணக்குகள். இவற்றின் பிறப்பை அறிய அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போக வேண்டும். 1961-இல் அங்கே பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் அமைப்பைக் காட்டியது. அதன் பெயரிலேயே நேரப் பங்கீடு என்ற சொல் உண்டு. பலர் வந்துபோகும் இடமாயிற்றே என்று ஆளுக்கொரு பாஸ்வேர்டும் கொடுத்தார்கள். 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று பாஸ்வேர்டுகள் இருந்த கோப்பு முழுவதையும் அச்செடுத்துக்கொண்டார். பாஸ்வேர்டு பிறந்த சூடு ஆறுவதற்குள் திருட்டும் பிறந்துவிட்டது. காரணம் பணமல்ல, நேரம். எங்கள் வீட்டிலும் அதே.

எங்கள் கணினியில் ஐந்து கணக்குகள் தொடங்கப்பட்டன. எக்ஸ்பி ஆளுக்கொரு படம் தந்தது. அம்மாவுக்குச் சிவப்புப் பூ, இவ்வாய்வாளருக்குச் சதுரங்கக் காய், மகனுக்கு கிதார், மகளுக்குத் தவளை. வீட்டம்மாவுக்கு ரப்பர் வாத்து வந்தது. "என்னங்க, நான்தான் வாத்தா?" என்ற கேள்விக்கு இன்றுவரை திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை.

பாஸ்வேர்டு மறந்தால் நினைவூட்ட ஒரு குறிப்பு எழுதிவைக்கலாம். அந்தக் குறிப்பு கணினி முன் உட்காரும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். இவ்வாய்வாளர் எழுதிய குறிப்பு: பழைய ஸ்கூட்டர். ஸ்கூட்டர் எண் தெரியாத ஒருவர் எங்கள் தெருவிலேயே கிடையாது. பால்காரர்கூட உள்ளே போயிருக்கலாம்.

கணினி இந்தப் பெயர்களையும் படங்களையும் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நீண்ட எண் வைத்திருக்கிறது. கணினியோடு கூடவே வரும் நிர்வாகிக் கணக்கு என்றால் அது 500 என்று முடியும், விருந்தினர் என்றால் 501, நாம் உருவாக்கும் கணக்குகளுக்கு ஆயிரத்திலிருந்து. பத்தாம் வகுப்புத் தேர்வை முன்னிட்டு மகனின் கணக்கை இவ்வாய்வாளர் நீக்கினார். தேர்வு முடிந்ததும் அதே பெயர், அதே கிதார் படத்துடன் திரும்பப் படைத்தார். கணினி அவனுக்குப் புது எண் கொடுத்து, பழையவனின் கோப்புகளைத் திறக்க அனுமதி இல்லை என்றது. பெயரும் உருவமும் ஒன்றாயினும் ஆள் வேறு. மறுபிறவியில் முற்பிறவிச் சொத்துக்கு உரிமை கோர முடியாது என்ற கடினமான தத்துவத்தை மகன் பதினைந்து வயதிலேயே கற்றுக்கொண்டான். "அப்பா, நான் இருக்கும்போதே செத்துட்டேனா?" என்று மட்டும் கேட்டான். பிறகு நிர்வாகியாக நுழைந்து எல்லாவற்றையும் அவனே மீட்டுக்கொண்டான். ஸ்கூட்டர் எண்ணால்.

விண்டோஸ் 10 வந்தபின் வேறொரு விசித்திரம். மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கினால் அதன் முதல் ஐந்து எழுத்தை வெட்டி ஃபோல்டருக்குப் பெயராக வைக்கிறது. ஐந்து ஆங்கில எழுத்தில் தமிழர் யாரை அடக்க முடியும்? திருநாவுக்கரசு என்ற பெரியப்பா வெறும் திரு ஆனார். அவர் தம்பி திருஞானமும் திருதான். இருவரும் ஒரே கணினிக்கு வந்தால் மரியாதை மட்டும் மிஞ்சும், ஆள் தெரியாது. விருந்தினர் கணக்கையும் அந்தப் பதிப்பில் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தத்கால் டிக்கெட் போடக் காலை பத்து மணிக்கு ஓடிவரும் மைத்துனரை எந்த எண்ணில் உட்காரவைப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஐந்து கணக்குகளில் நான்கு தூசு படிந்து கிடக்க, எல்லாரும் அப்பா என்ற ஒரே கணக்கில்தான் வாழ்ந்தார்கள். ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழைவதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிடும். விடியற்காலை சுப்ரபாதம் ஓடினால் அப்பா என்பவர் அம்மா. பதினொரு மணிக்குக் கோலம் என்றால் வீட்டம்மா. நாலரைக்கு யானை, ஆறு மணிக்குக் கார் பந்தயம், ஒன்பதுக்கு மேல் வருமான வரி. ஆள் யார் என்று கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பாஸ்வேர்டு எதற்கு? நேரப் பங்கீட்டுக்காகப் பிறந்த கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டு நேரப் பங்கீட்டை மட்டும் எங்கள் வீடு வைத்துக்கொண்டது. கருதுகோளின் பிற்பாதி இது.

நிர்வாகி யார் என்ற வினா எஞ்சுகிறது. இவ்வாய்வாளர்தான் என்று கணினி சொல்கிறது. இரவு பத்தரைக்கு "போதும்" என்று சொல்லிச் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பவர் வீட்டம்மா. அந்தச் சுவிட்சுக்கு எண் ஏதும் ஒதுக்கப்படவில்லை.

பெயிண்ட் இன்னும் மற்றவையில்தான் இருக்கிறது. அது எந்த ஃபோல்டரில் சேரும் என்று உறுதியாகத் தெரிந்த வாசகர்கள் எழுதலாம். மார்கழிக்கு முன் தெரிந்தால் நல்லது.