மாட்சிமை பொருந்திய மழுப்பல்

கெட்ட செய்திக்கு நல்ல நாள் குறிப்பதில் பிரிட்டிஷ் அமைச்சர்களிடம் நம் பஞ்சாங்கக்காரர்கள் பிச்சை வாங்க வேண்டும். 2006 டிசம்பர் 14. டயானா மரணம் பற்றிய போலீஸ் அறிக்கை வந்த நாள். பட்டங்களை விற்ற புகாரில் பிரதமர் டோனி பிளேரைப் போலீஸ் விசாரித்த நாள். 2,500 தபால் நிலையங்களுக்குப் பூட்டு என்று அறிவித்த நாளும் அதுவே. இத்தனை கொட்டு முழக்கத்துக்கு நடுவில் பிரபுக்கள் சபையில் எழுந்தார் அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் பிரபு. சவுதிக்குப் போர் விமானம் விற்ற பிஏஇ கம்பெனி லஞ்சம் கொடுத்ததா என்று 2004 முதல் நடந்துவந்த விசாரணை நிறுத்தப்பட்டது என்றார்.

சட்டத்தின் ஆட்சியை ஒரு பக்கமும் பரந்த பொதுநலனை மறுபக்கமும் வைத்துச் சீர்தூக்கினார்களாம். எது கனத்தது என்று சொல்லவும் வேண்டுமா? வியாபார லாபத்துக்கு எள்ளளவும் இடம் கொடுக்கவில்லை என்று வேறு சத்தியம். ஓஇசிடி நாடுகளின் லஞ்ச ஒழிப்பு ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு பொருளாதார நலனைப் பார்க்காதே, பிற நாட்டு உறவைப் பார்க்காதே என்கிறது. தேசப் பாதுகாப்பைப் பார்க்காதே என்று எழுத மறந்துவிட்டது. பிரபுக்கள் நுழைய அவ்வளவு சந்து போதும். மறு செப்டம்பரில் சவுதி 72 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது தற்செயல்தான், நம்புவோம்.

உறுப்பினர்களும் கேள்வி கேட்கத்தான் செய்தார்கள். கிடைத்த பதிலின் சாரம் இது: முடிவு, வழக்கை விசாரித்த மோசடித் தடுப்பு அலுவலகத்தின் இயக்குநருடையது, பிரதமர் கருத்துதான் சொன்னார், கட்டளையிடவில்லை. சக அமைச்சர்களிடம் ஆலோசனை கேட்கலாம், உத்தரவு வாங்கக் கூடாது என்று 1951-இல் அன்றைய அட்டர்னி ஜெனரல் ஷாக்ராஸ் வகுத்த நெறியை அணுவளவும் மீறவில்லை. பிரதமர் வந்து காதைக் கடித்தால் அது ஆலோசனை. காதைத் திருகினால்தானே உத்தரவு? மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கோல்ட்ஸ்மித்தை நேரில் மடக்கவும் வழியில்லை, அவர் மேலவைக்காரர். கீழவைக்குச் சொலிசிட்டர் ஜெனரலை அனுப்பி அதே அறிக்கையை வாசிக்க வைத்தார்கள்.

இந்தக் கீழவைக்குப் பல் இருந்த காலமும் உண்டு. 1924-இல் தொழிலாளர் கட்சியின் முதல் ஆட்சி. உங்கள் சக தொழிலாளியைச் சுடாதீர்கள் என்று படைவீரர்களுக்குப் பகிரங்கக் கடிதம் வெளியிட்ட கம்யூனிஸ்ட் பத்திரிகை ஆசிரியர் காம்ப்பெல் மீது 1797-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டி வழக்குப் போட்டார்கள். பிறகு அட்டர்னி ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் அதை விலக்கிக்கொண்டார். யார் சொல்லி விலக்கினாய் என்று குடைந்தார்கள் பாருங்கள்! விசாரணைக் குழு வேண்டும் என்று 364-க்கு 198 வாக்கில் தோற்கடித்து, பிரதமர் மெக்டொனால்ட் ஆட்சியையே கவிழ்த்த பிறகுதான் ஓய்ந்தார்கள்.

சுடாதே என்றவன் மீதான வழக்கைக் கைவிட்டால் அது அரசியல் தலையீடு, ஆட்சி போகும். சுடுவதற்குக் கருவி விற்றவன் மீதான விசாரணையைக் கைவிட்டால் அது பொதுநலன், ஒரு நாற்காலிகூட நகராது.

2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பிஏஇ விசாரணையை நிறுத்தியது சட்டவிரோதம் என்றது. விசாரித்தால் உளவுத் தகவல் தரமாட்டோம் என்று சவுதி மிரட்டியதாம். அந்த மிரட்டலை உள்ளூர்க்காரன் விட்டிருந்தால் நீதியைத் தடுத்த குற்றத்துக்கு ஆளாகியிருப்பான் என்றார்கள் நீதிபதிகள். ஜூலையில் அதை ரத்து செய்தார்கள் மேல்முறையீட்டு நீதிபதிகள். அவர்களும் அன்று பிரபுக்கள் சபைதான்!

2010 டிசம்பரில் தான்சானியாவுக்கு ரேடார் விற்ற விவகாரத்தில் பிஏஇ ஒருவழியாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு நின்றது. என்ன குற்றம்? கணக்கை ஒழுங்காக எழுதவில்லை. அபராதம் 5 லட்சம் பவுண்டு, தான்சானியாவுக்கு 2.95 கோடி தருமம். கம்பி எண்ணியவர் ஒருவருமில்லை. அதற்கு முந்தைய மாதம்தான், பொய்க்கணக்கு எழுதி 74,000 பவுண்டு திருடியதாகக் கிளைத் தபால் நிலையம் நடத்திய ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு 15 மாதச் சிறை விதித்தார்கள். பணம் குறைகிறது என்றது தபால் நிலையங்களின் ஹொரைசன் என்ற ஓட்டைக் கணினி அமைப்பு. அவர் நிரபராதி என்று ஒத்துக்கொள்ள 2021 ஆயிற்று. அவருக்காகத் தேசத்தை மிரட்ட ஒரு மன்னர் குடும்பம் வாய்க்கவில்லை.