ஆல்டரேஷன் செய்யாத செய்தி

பெறுநர்:
உயர்திரு செயலர் அவர்கள்,
தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்,
புது தில்லி.

ஐயா,

நான் பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருப்பவன். என் தொழிலில் கண் ஊசி முனையில் இருக்கும், கால் மிஷின் மிதியில் இருக்கும். சும்மா கிடப்பது காது ஒன்றுதான். அதை முப்பது வருஷமாக ரேடியோவுக்கு விட்டுவைத்திருக்கிறேன். கேட்டுக் கேட்டுச் சேர்ந்துபோன சில சந்தேகங்களைத் தங்கள் சமூகத்துக்கு அனுப்புகிறேன்.

தங்கள் அமைச்சகத்தின் பெயரில் தகவலும் இருக்கிறது, ஒலிபரப்பும் இருக்கிறது. தனியார் எஃப்.எம்.மில் மட்டும் இந்த இரண்டும் கண்டபடி சேர்ந்து திரியக் கூடாது என்று வேலி போட்டு, சொந்தமாகச் செய்தி சொல்லத் தடை வைத்திருக்கிறீர்கள். நல்லதுதான். அதற்காக எங்களை ஒரேயடியாகப் பட்டினி போட்டுவிட்டதாகவும் சொல்ல முடியாது. 2011-இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கையில் டிராஃபிக், வானிலை, விளையாட்டு, திருவிழா, பரீட்சை முடிவு, வேலைவாய்ப்பு, கரண்ட், தண்ணீர், இயற்கைச் சீற்றம் எல்லாவற்றையும் ‘இவை செய்தி அல்ல’ என்று பெரிய மனதோடு விலக்கி விட்டிருக்கிறீர்கள். ஆகவே பரீட்சை முடிவு வந்துவிட்டது என்று ஆர்.ஜே. தம்பி சொல்லலாம். கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டது என்றால் தம்பி உடனே பாட்டுக்குப் போய்விட வேண்டும். கரண்ட் போகும் என்பது சேவை. ஏன் போகிறது என்பது செய்தி.

2023 டிசம்பரில் எங்கள் பக்கம் பெய்த மழை தங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை மறந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அந்த மாதிரி நேரத்தில் மழை வருகிறது, ஆற்றில் வெள்ளம் போகிறது, மேட்டுக்குப் போங்கள் என்று எஃப்.எம். சொல்ல அனுமதி உண்டு. மழை விட்ட பிறகுதான் சிக்கல். வானிலை ஆய்வு மையம் சரியாக எச்சரித்ததா இல்லையா என்று மத்திய அரசும் மாநில அரசும் ஒருவரையொருவர் சாடிக்கொண்டிருந்தார்கள். மழை என்றால் வானிலை, சொல்லலாம். மழை பற்றிய சண்டை அரசியல், சொல்லக் கூடாது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தவனுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியவில்லை. சாக்பீஸ் தந்தால் நானே தரையில் போட்டுக்கொள்வேன்.

செய்திதான் வேண்டும் என்றால் அகில இந்திய வானொலியின் செய்தியை எடுத்து அப்படியே போட்டுக்கொள்ளட்டும் என்றீர்கள். வார்த்தை மாறக் கூடாது, அதில் வரும் விளம்பரம்கூட மாறக் கூடாது. எங்கள் பாஷையில் சொன்னால், ரெடிமேட் சட்டை, ஆல்டரேஷன் கிடையாது. கை முழங்கையோடு நின்றாலும் கழுத்து பிடித்தாலும் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். சரோஜ் நாராயண்சுவாமி தில்லியிலிருந்து வாசித்த காலத்தில் கடைக்கு வந்தவர்கூட அளவு கொடுக்காமல் நின்று கேட்பார், அது வேறு. ஆனால் தில்லியில் தைத்த சட்டை மேலப்பாளையத்துச் சாக்கடைக்குப் பொருந்துமா என்று நான் கேட்டால் அது நடப்பு விவகாரமாகிவிடும். கேட்கவில்லை.

சொத்துரிமை விஷயத்திலும் தங்கள் கத்திரி வேலை அபாரம். ஒருவருக்கு ஓர் ஊரில் 40 சதவீதத்துக்கு மேல் எஃப்.எம். அலைவரிசை கூடாது, 2022 வரை நாடு முழுக்க 15 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது என்றிருந்தது. இத்தனை கறாராக அளந்த டேப், அதே முதலாளியின் பத்திரிகைப் பக்கமும் டி.வி. பக்கமும் போனால் சுருண்டு பெட்டிக்குள் போய்விடுகிறது. ஒரே குழுமத்தின் பேப்பரைக் காலையில் டீக்கடையில் படிக்கிறேன். இரவு அவர்களுடைய நியூஸ் சேனலைப் பார்க்கிறேன். நடுவில் பகல் முழுக்க அதே குழுமம் என் காதருகே வாயைப் பொத்திக்கொண்டு பாட்டுப் போடுகிறது. 2015-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. எஃப்.எம். ஏலத்தில் கலந்துகொள்ள சன் குழுமத்துக்குப் பாதுகாப்பு அனுமதி தர உள்துறை மறுத்தது, கோர்ட்டுக்குப் போய்த்தான் அவர்கள் ஏலத்தில் உட்கார முடிந்தது. அந்தச் சமயத்திலும் அவர்களுடைய செய்தி சேனல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆக, நாட்டுக்கு ஆபத்து செய்தியில் இல்லை, குத்துப்பாட்டில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். கட்சிக்கு ஒரு சேனல் வைத்துப் பழகிய ஊர் எங்களுடையது. ஊடகச் சொத்துக்கு வரம்பு வேண்டும், கட்சிகளை உள்ளே விடாதீர்கள் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014-லேயே எழுதித் தந்தது. அந்தத் துணியை இன்னும் யாரும் வெட்டவில்லை.

அதே டிராய் 2023 செப்டம்பரில் தனியார் எஃப்.எம்.முக்கு மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி கொடுக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் மந்திரிசபை கூடியதும் ஆவலாகக் கேட்டேன். 234 நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதலாம். 234 என்றதும் சட்டமன்றத் தொகுதி நினைவுக்கு வந்து, தொகுதிக்கு ஒரு ரேடியோவா என்று ஒரு கணம் பதறிவிட்டேன். காற்றலை பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் எனக்கும் விரற்கடை அளவாவது பங்கு உண்டென்றால், ஏலத்துக்கு முன் அந்தத் துண்டை எனக்குத் தனியாக வெட்டிக் கொடுத்துவிட வேண்டுகிறேன். பட்டன் துணிக்காவது ஆகும்.

இப்படிக்கு,
அண்ணாச்சி (கடைக்கு வருகிறவர்கள் கூப்பிடும் பெயர்)

பின்குறிப்பு: எங்கள் தெருவில் நாளை காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது. இதைச் சொல்ல அனுமதி உண்டு. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.
அந்தக் கடைசி வரியை அடித்துவிடவும்.