அஞ்சறைப்பெட்டி இருக்க அலமாரி எதற்கு?

கேள்வி: மசாலாப் பொருள்களையும் அடுப்படிச் சில்லறைச் சாமான்களையும் அதிகச் செலவின்றி ஒழுங்குபடுத்த வழி உண்டா?

பதில்: உண்டு, கடைக்குக் கிளம்புமுன் பரணைப் பார்த்தால், அஞ்சறைப்பெட்டி ஒன்று பெரும்பாலும் அங்கேயே காத்திருக்கும். கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மிளகு எனத் தாளிப்புக்கு அன்றாடம் வேண்டியவை ஒரே மூடியின்கீழ் அடங்குவதால், எண்ணெய் காயும் நேரத்தில் டப்பா டப்பாவாகத் திறந்து மூடும் அவதி நீங்குகிறது. பெருங்காயத்தை மட்டும் அதில் குடிவைக்கக் கூடாது. நான்கே நாளில் அண்டை அறைகளையும் அது தன்வசமாக்கிவிடும். மசாலாவின் மணத்துக்குக் காரணம் ஆவியாகும் எண்ணெய்கள், அதாவது சாதாரண வெப்பத்திலேயே மெல்லக் காற்றில் கலந்துவிடும் பொருள்கள், என்பதால் அடுப்புக்கு மேலே அழகாக அடுக்கிய கண்ணாடிப் புட்டிகள் சூட்டிலும் வெளிச்சத்திலும் மணம் இழக்கின்றன; மஞ்சள்தூள் நிறமும் மங்குகிறது. தூள்களைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் நிரப்பி, அரைத்த தேதியை எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத கீழ்த்தட்டில் வைப்பதே சிக்கனமும் சரியும் ஆகும். கொதிக்கும் குழம்புக்கு மேல் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினால் ஆவி உள்ளே ஏறித் தூள் கட்டிதட்டிவிடும் என்பதால், ஈரமில்லாத கரண்டியால் எடுப்பதே முறை. ரப்பர் பேண்டு, தீப்பெட்டி, குக்கரின் மாற்று கேஸ்கெட் போன்றவற்றுக்குத் தீபாவளி இனிப்பு வந்த தகரப்பெட்டி ஒன்று போதும்.